இறாலில் கஸ்தூரி வாசம்

கப்பலேறத் தயாராக இருந்த ஒரு கண்டெய்னர் இறாலை, என் கழுத்தில் இருந்த சென்ட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டத்தட்ட குப்பைக்கு அனுப்பிவிட்டேன். முக்கியமான செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது பின்னாளில் பத்திரிகை வேலையில் கற்ற பாடம். சொல்லிவிட்டேன். இனி விவரம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் துறைமுக ஊருக்கு வெளியே, திருநெல்வேலி சாலையில் இருந்த ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் தற்காலிக வேலை. வேலை என்றால் முகர்வதுதான். சரக்கிலிருந்து சில இறால்களை எடுத்து, வெறுங்கையால் உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், எப்படி இருக்கிறது என்று தாளில் எழுத வேண்டும். பிறகு அதையே வேகவைத்து ஆவியை முகர வேண்டும். எனக்கு மூக்கு கூர்மை. ஐஸ் போடத் தாமதமான இறாலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். (இதைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் கேட்டதில்லை.)

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. முகர்கிறவள் மேல் எந்த வாசனையும் இருக்கக் கூடாது. பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது, தலையில் பூ கூடாது. கல்யாணமாகி ஏழு மாதம். அதில் ஆறு மாதம் பூ வைக்காமல் இருந்தேன். என் மாமியார் தங்கபுஷ்பத்துக்கு இது பெரிய குறை. "புதுப்பொண்ணு தலையா இது? துட்டி வீட்டுல அழுதுட்டு வந்தவ மாதிரி இருக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பூ இல்லாததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இறால் இருந்தது. நகக்கண்ணில் இருந்தது, முடியில் இருந்தது, கைப்பையின் தையலில் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் எத்தனை பேர் நின்றுகொண்டு வந்தாலும் என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசி வரை காலியாகவே வரும்.

கணவர் செல்வகுமார் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமான இருபதாம் நாள் கப்பலேறியவர், ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு சென்ட் பாட்டில். பெண்களுக்கென்று புதிதாக வந்தது. பூவும் கஸ்தூரியும் கலந்தது. சிங்கப்பூரில் கடைக்காரப் பெண் ஒரு காகிதத் துண்டில் அடித்துக் கொடுத்திருக்கிறாள். மனிதர் அதை உடனே நம்பவில்லை. சட்டைப்பையில் போட்டு மூன்று நாள் இன்ஜின் அறையில் வேலை பார்த்து, டீசல் நெடிக்கும் அது அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் திரும்பிப் போய் வாங்கியிருக்கிறார். "லேசுல போவாது, பாத்துக்கோ" என்றார் பெருமையாக. அந்த வாக்கியத்தை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கொச்சியிலிருந்து, சரக்கு வாங்கும் கம்பெனியின் பிரதிநிதி வருவதாக இருந்தது. அவர் முன்னால் நான் ஒழுங்காகச் சோதனை செய்து காட்டினால் வேலை நிரந்தரம். ஆறு மாதம் பூவை விட்டது அந்த ஒரு நாளுக்காகத்தான். ஆனால் திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. அந்த ஒன்றரை நாள் என் மேல் இறால் வாசனை இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

பதினொரு முறை அடித்தேன். எண்ணிக்கை துல்லியமானது. மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்னால், பின்னங்கழுத்து. மற்ற இடங்கள் வாசகர்களுக்குத் தேவையில்லை. முதல் பத்து நிமிடம் மழையில் நனைந்த பிச்சிப்பூ. பிறகு அது ஒதுங்கிக்கொள்ள, பட்டுச்சேலை மடிப்பில் தாழம்பூ மடலை வைத்து எடுத்தது போல ஒரு காய்ந்த இனிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில் கஸ்தூரி. அதை வாசனை என்று சொல்வதுகூடச் சரியில்லை. குளித்துத் துவட்டிய உடம்பின் வெதுவெதுப்பு அது. என் தோலே கொஞ்சம் தாராளமாகிவிட்டது போலிருந்தது. பூ, தூரத்தில் நிற்கிறவர்களுக்கு. கஸ்தூரி, பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். நடக்கும்போது எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் புகுந்து போகிற அளவுக்கு இடம் விடுவது அவர் வழக்கம். அன்று ஒரு குடைக்கம்பிகூட நுழைந்திருக்காது. கிளம்பலாமா என்று நான் கேட்டதற்கு, அவர் என் காதோரம் குனிந்து, "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமே" என்றார். துறைமுகத்து விளக்குகளை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். அவை அவ்வளவு அழகு என்று அன்றுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. தர மேலாளர் பொன்ராஜ் சார்.

"நாளைக்கு வாரேன்னவன் இன்னைக்கே வந்து நிக்கான்மா. பத்து மணிக்கு டெஸ்ட். அந்தப் பிள்ளைக்குச் சளி, மூக்கே இல்ல. ஒன்னைய நம்பித்தான் மொதலாளிகிட்ட சொல்லியிருக்கேன்."

அந்தப் பிள்ளை என்பது இன்னொரு தரம் பார்ப்பவள். வருகிறேன் என்றேன். விஷயத்தைச் சொல்லி விலகியிருக்கலாம். நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விலகுகிற சுபாவம் எனக்கில்லை.

குளித்தேன். வாசனையில்லாத சோப்பு, சீயக்காய், கடலை மாவு, எலுமிச்சம்பழம், புளி என்று வரிசையாகத் தேய்த்தேன். தேங்காய் நாரை மணிக்கட்டில் போட்டுத் தேய்த்ததில் தோல் சிவந்தது. மாமியார் குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து, பெருங்காயத்தைக் கரைத்துத் தேய்க்கச் சொன்னார். (அவர் யோசனையில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு வேறெதுவும் மணக்காது.) மறுத்துவிட்டேன். வெளியே வந்து கணவரிடம் கழுத்தைக் காட்டினேன். அவர் பொறுப்பாக முகர்ந்து பார்த்து, "சுத்தமா போயிட்டு" என்றார். மாமியாரும் ஒன்றும் தெரியவில்லை என்றார். என் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மூக்குகளின் ஒருமனதான தீர்ப்பு.

ஒரு வாசனையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். இதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள்தான், முந்தைய நாள் சாயங்காலம் முதல் என் தோளோடு ஒட்டிக்கொண்டிருந்த மனிதரிடம் போய், மணக்கிறதா என்று கேட்டேன்.

பத்து மணி. குளிரூட்டிய சிறிய சோதனை அறை. தலைக்கு உறை, மேலே ரப்பர் ஏப்ரன். பிரதிநிதி ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. முதல் இறாலை உடைத்து அவர் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தார். இறாலைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"பூ மணம் உண்டு" என்றார்.

வாங்கி முகர்ந்தேன். சுத்தமான கடல். இல்லை சார், அருமையான இறால் என்றேன். வேறு பெட்டி உடைத்தார்கள். அதிலும் பூ மணம். மூன்றாவது பெட்டி. அதிலும். ஒவ்வொரு மறுப்புக்கும் நான் ஓரடி முன்னால் நகர்ந்து, மணிக்கட்டை இன்னும் கிட்டக் கொண்டுபோய் வாதாடினேன். ஏப்ரனுக்குள் உடம்பு சூடேறிக்கொண்டிருந்தது. வேகவைத்த தட்டை ஆவியோடு நீட்டியபோது அவர், "இப்போ கூடுதல்" என்றார். நான் தாளில் 'இயல்பான வாசனை' என்று அழுத்தி எழுதி, அடியில் கோடும் போட்டேன். அந்த இறாலுக்கு என்னைப் போல் ஒரு வக்கீல் அதற்கு முன்பும் கிடைத்திருக்க மாட்டார், பின்பும் கிடைக்கப் போவதில்லை.

அந்தக் குளிரிலும் பொன்ராஜ் சாருக்கு வேர்த்தது. கை கழுவும் சோப்பை முகர்ந்தார்கள். ஐஸை முகர்ந்தார்கள். அட்டைப்பெட்டியை முகர்ந்தார்கள். கடைசியில் சந்தேகம் இறால் உரிக்கிற கூடத்துக்குப் போயிற்று. முதலாளியும் வந்து சேர, எல்லோரும் அங்கே போனோம். யாரோ உறைக்குள் பூ வைத்துக்கொண்டு உரித்திருக்க வேண்டும். நாற்பது பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து உறையைக் கழற்றச் சொன்னார்கள். நாற்பது தலை, ஒரு மொட்டுகூட இல்லை. ஆனால் முந்தைய வாரம்தான் முத்துமாரி என்ற சின்னப்பெண் மல்லிகையோடு பிடிபட்டிருந்தாள். பொன்ராஜ் சார் அவள் முன்னால் போய் நின்றார்.

"ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பு. இனி வர வேண்டாம்."

"நான் வைக்கல சார். சத்தியமா வைக்கல" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

அவளுக்காகப் பேச ராசம்மாக்கா வரிசையை விட்டு வந்தார். கூடத்திலேயே அனுபவம் கூடியவர் அவர்தான். பொன்ராஜ் சாரிடம் போக என்னைக் கடந்துதான் போக வேண்டும். கடந்தார். நின்றார். ஓரடி பின்னால் வந்தார். என் தோள் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து ஒருமுறை, ஒரே ஒருமுறை, மூச்சை இழுத்தார்.

"ஏளா, ஒம் புருசன் கப்பல் வந்துட்டா?"

கேட்டது மெதுவாகத்தான். ஆனால் கூடத்தில் இயந்திரங்கள் நின்றிருந்தன. நாற்பது பெண்களுக்கும் கேட்டது, முதலாளிக்குக் கேட்டது, கொச்சிக்காரருக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. சிரிப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போய்த் திரும்பி வந்தது.

நான் மூன்று வினாடி தயங்கினேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தால் நிரந்தர வேலை போய்விடும். முத்துமாரி ஏப்ரனின் முதல் முடிச்சை அவிழ்த்திருந்தாள்.

"நான்தான் சார். சென்ட்டு. நேத்து சாயங்காலம் அடிச்சது."

என்னை வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பொன்ராஜ் சாரே இறாலை உடைத்துக் கொடுத்தார். எல்லாப் பெட்டியும் தேறியது. முத்துமாரி மறுபடி உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது என்னைப் பார்த்த பார்வையில் நன்றி பாதி, திட்டு பாதி. பிரதிநிதி கிளம்பும்போது எனக்கு நாலடி தள்ளி, தகுந்த பாதுகாப்போடு நின்று, அந்த சென்ட்டின் பெயரைக் கேட்டார். வீட்டில் ஒருவருக்கு வாங்க வேண்டுமாம். சோதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதக் கடைசியோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தச் சேர்ந்தேன். அங்கே யாரும் யாரையும் முகர்ந்து பார்ப்பதில்லை. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன்.

ராசம்மாக்காவின் கேள்வி எனக்கு முன்பே எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாமியார் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இன்று வரை எங்கள் வீட்டில் யார் புதுச்சட்டை போட்டாலும், யார் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிகமாக நின்றாலும், கேள்வி அதுதான். மாமனார் முடிக்குச் சாயம் அடித்த அன்று அவரையும் கேட்டார்கள்.

போன வாரம் நான் அலமாரியைத் திறந்து பாட்டிலைக் கையில் எடுத்தேன். (எத்தனையாவது பாட்டில் என்று கேட்காதீர்கள்.) மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள், எட்டாம் வகுப்பு, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எம்மா, அப்பா கப்பல் எங்கன நிக்கி?"

"கொழும்பு தாண்டியாச்சு" என்றேன், காதுக்குப் பின்னால் அடித்துக்கொண்டே.