பிக்கப்பும் மாமன் சீரும்

பிள்ளைகளே, ஒரு வேலையை "நாமே பண்ணிட்டா என்ன?" என்று மனசு கேட்டால், பேசாமல் போய்ப் படுத்துத் தூங்கிவிடுங்கள். நான் தூங்கவில்லை. அதனால் நடந்ததை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. எழுதியே கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு என்னை விட்டுவிடுங்கள்.

படூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வள்ளியின் மகள் தமிழரசிக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் ஒரே தாய்மாமன். அக்காவின் மாமியாருக்கு எங்கள் வீட்டு மேல் பெரிய மதிப்பு கிடையாது. "பொறந்த வூட்டுல இருந்து இன்னா வந்து கிழிக்கப்போவுது" என்பது அந்த அம்மாவின் தினசரிப் பேச்சு. அக்கா ஒவ்வொரு முறையும், "என் தம்பி வருவான், பாருங்க" என்று மட்டும் சொல்லுமாம். எமகண்டத்துக்கு முன்னால் சீர் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். அதுவும் வாடகை வண்டியில் இல்லை, மாமனின் சொந்த வண்டியில். அக்காவின் மானம் மொத்தமும் என் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த பிக்கப்புக்கோ விக்கல். கோவளத்தில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றுகிற வண்டி. முட்டுக்காட்டுப் பாலம் ஏறும்போது இழுக்காமல் திக்கித் திக்கி நின்றது. எங்கள் மெக்கானிக் அந்த நேரம் பார்த்துத் திருப்பதி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். போனில் பிடித்தேன்.

"டீசல் ஃபில்டர் அடச்சிகினு கீது அண்ணாத்த. சின்ன வேலதான், நீங்களே மாத்திடுங்க. புது ஃபில்டர்ல டீசல் ரொப்பி மாட்டுங்க. ஆனா டீசல் வெக்கிற பாத்திரம் சுத்தமா இருக்கணும். தூசி போச்சுனா பேஜாரு."

அதற்கப்புறமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் "சரி, சரி" என்று வைத்துவிட்டேன். (பாதி கேட்டதும் முழுசாகப் புரிந்துவிடுவது எனக்கு அந்தக் காலத்தில் இருந்த வியாதி.)

விழா அன்று விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய ஃபில்டர் கழலவே இல்லை. கயிறு சுற்றி இழுத்தேன். இடுப்பு பெல்ட்டைச் சுற்றி இழுத்தேன். பெல்ட் அறுந்தது. கடைசியில் அது கழன்றபோது உள்ளே இருந்த டீசல் முழுக்க என் கை வழியாக இறங்கி அக்குள் வரைக்கும் போனது.

புது ஃபில்டரில் டீசல் ரொப்ப வேண்டும். கேனில் இருந்த டீசலைச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளத் தேடினேன். வீட்டில் அன்றைக்கு ஆகச் சுத்தமான பாத்திரம் எது? சீருக்கு வாங்கி வாசலில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தூக்கு. புத்தம் புதுசு, மூடி போட்டது. மெக்கானிக் சொன்னதை மீறக்கூடாது பாருங்கள். அதில் ஊற்றி, ஃபில்டரை ரொப்பி மாட்டினேன். மீதி இருந்த டீசலில் தூசி விழக்கூடாது என்று மூடியை அழுத்தி மூடி, எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்தேன். ஒழுங்கு எனக்கு முக்கியம்.

வண்டியைப் போட்டேன். ஓடியது. சிரித்தேன். நின்றது. மறுபடி போட்டேன், போட்டேன், பேட்டரி உட்கார்ந்துவிட்டது. பட்டுப்புடவையும் தட்டுமாக ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள்.

என் மனைவி கலாவின் தம்பி ஏழுமலை, படகு எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவன், வந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, ஏர் புடிச்சிகினு கீது. பம்ப் அடிச்சீங்களா?"

"எந்த பம்ப்?"

அவன் என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தான். பிறகு ஃபில்டர் தலையில் இருந்த குமிழை அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்தான். மறுபடி தள்ளினோம், வண்டி பிடித்துக்கொண்டது. எனக்குக் குளிக்க நேரமில்லை. டீசல் உடம்பு மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன்.

எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேளத்தோடு சீர் உள்ளே போனது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு நிம்மதி. மாமியார் மட்டும் மூக்கைச் சுளித்து, "இன்னாப்பா, வண்டிய நீ ஓட்டினு வந்தியா, வண்டி உன்ன ஓட்டினு வந்துதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மண்டபம் முழுக்க அடித்த டீசல் வாடைக்கு நான் ஒருவனே காரணம் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

நலங்குக்கு மாமன் வீட்டு நல்லெண்ணெய் வேண்டும். கலா சீர்த் தட்டிலிருந்து தூக்கை எடுத்து நீட்டினாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் பூ சுற்றியிருந்தது. காலையில் எண்ணெய் ஊற்ற எடுத்தபோது அது கனமாக இருந்ததால், நானே ஊற்றிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

மாமியார் அறுகம்புல்லை முக்கித் தமிழரசி உச்சியில் வைத்தார்.

"ஆயா, பங்க் வாசன வருது."

"உன் மாமன் மேல வர்றதுடி அது. தலய ஆட்டாத." மறுபடி முக்கினார். ஏதோ தோன்றி விரலை மோந்து பார்த்தார்.

மேளம் நின்றுவிட்டது. அக்கா என்னைப் பார்த்தது. "டேய், இன்னாடா இது?"

"டீசல்கா. ஃபில்டருக்கு ஊத்தின மீதி." அதோடு நிறுத்தியிருக்கலாம். "சுத்தமானதுதான்கா" என்றும் சொன்னேன்.

"வெளக்க தள்ளி வைங்க" என்று ஏழுமலை கத்தினான். நல்ல காரியத்தில் விளக்கை அணைக்கக்கூடாது, பெண் பக்கத்தில் வைக்கவும் கூடாது. இரண்டு பேர் எரிகிற குத்துவிளக்கைச் சுடருக்குக் கை மறைத்தபடி மண்டபத்தின் அந்தக் கோடிக்குச் சுமந்துகொண்டு நடந்தார்கள். ஆரத்திக் கற்பூரம் வாசலுக்கே போனது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. கண் நிரம்பிவிட்டது. அத்தனை வருஷமாகச் சொன்ன "என் தம்பி வருவான்", இதோ வந்துவிட்டான்.

மாமியார் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார்.

"சரி வுடு, வள்ளி. எல்லா மாமனும் எண்ணெதான் கொண்டாருவான். இவன் பொண்ணுக்கு டேங்க் ரொப்பி அனுப்பிகீறான்." சொல்லிவிட்டு அந்த அம்மாவே முதலில் சிரித்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தது. சீயக்காய் போட்டுத் தலையை நாலு தரம் அலசினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அக்காவை யாரும் பிறந்த வீட்டைச் சொல்லிக் குத்தவில்லை. குத்த வேண்டியதையெல்லாம் நேராக என்னிடமே வைத்துக்கொண்டார்கள்.

தமிழரசி வளர்ந்து கல்யாணம் வந்தது. நலங்கு நேரத்தில் மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நேராக என்னிடம் வந்து மூக்குக்குக் கீழே நீட்டினார். "மோந்து பாத்துச் சொல்லு." மோந்து பார்த்து, "நல்லெண்ணெதான்" என்றேன். வீடியோக்காரர், "சார், லைட் சரியில்ல, இன்னொரு தபா மோந்து பாருங்க" என்றார். மோந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் செங்கல்பட்டுக்காரர்கள். இது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார்கள். "எங்க மாமனையும் கூப்புடுங்க" என்று ஒரு பெரியவரைப் பந்தியிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார்கள். அந்த மனுஷர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஏன் எதற்கு என்று கேட்காமல், கண்ணை மூடிப் பயபக்தியோடு மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.