மூன்றாவது தடவை நிறுத்தாதே

லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. சார்ஜண்ட் அதை மேலும் கீழும் பார்த்தார். அட்டை ஓரமெல்லாம் இற்றுப்போய், எழுத்து மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. வருஷா வருஷம் யாரோ அக்கறையாக மை தீட்டுகிறார்கள் போலிருக்கிறது.

"நாலாவது மாடியா?" என்றாள் மனைவி. "நெஞ்சு சரியில்லன்னு சொல்ல வந்த மனுஷன் நாலு மாடி ஏறணுமா? யார் கண்டுபிடிச்ச கூத்து இது?"

"படி அந்தப் பக்கம்," என்றார் காவலாளி. "மனு போட்டவர் மட்டும்தான் மேல போகணும். கூட வந்தவங்க இங்கயே உக்காருங்க. டோக்கன் முப்பத்தொண்ணு."

தெருவில் எல்லாருக்கும் அவர் சார்ஜண்ட். உண்மையில் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்; லாரி ஓட்டியபடியே ஓய்வும் பெற்றவர். பட்டாளம் கொடுக்காத பதவியைத் தெரு கொடுத்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை.

இப்போது அறுபத்து மூன்று வயது. குனிந்து செருப்பு வாரைப் போட்டால், நிமிர்ந்ததும் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டியிருக்கிறது. யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல ஒரு வலி. மாஜி வீரர்களுக்கான இந்த அலுவலகம் நாற்பது சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தால், பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு எல்லா மிஷினையும் வைத்து இதயத்தை ஒழுங்காகப் பார்ப்பார்கள். முப்பத்தொன்பது என்றால்கூட வாசலோடு சரி. அவர் கையில் இருந்ததோ பத்து.

அந்தப் பத்தும் அவரே தேடிக்கொண்டது. போன வருஷம் ஒரு டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "மாடி ஏறுவீங்களா?" என்று கேட்டார். பழக்கதோஷம், குதிகால் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொண்டன. "ஏறுவேன் சார்!" "கனமா ஏதாவது தூக்குவீங்களா?" "தூக்குவேன் சார்!" நெஞ்சில் ஒரு குழாயைக்கூட வைக்காமல் அனுப்பிவிட்டார்கள். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு வாரம் நிறுத்தவே இல்லை.

"ஏங்க, இன்னிக்கு உங்க வீரத்தையெல்லாம் மூட்டை கட்டி இங்கயே வெச்சுட்டுப் போங்க," என்றாள் இப்போது. "ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்குங்க. கேட்டா முடியலன்னு சொல்லுங்க. எங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

"முடி..." என்று தொடங்கியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முடியும்."

"கிழிஞ்சுது போங்க!" என்றாள். சொல்லிவிட்டு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

அவர் படிக்கட்டுக்குள் நுழைந்ததும், காவலாளி மேசைக்கு அடியில் எதையோ அழுத்தினார். கட்டடத்தின் வயிற்றுக்குள் எங்கோ ஒரு மணி அடித்து ஓய்ந்தது.

படிக்கட்டில் ஜன்னலே இல்லை. பினாயில் வாடையும் ஈரச் சுவரும்தான். பாதிப் படியில் சுவருக்குள்ளிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பி, மேலே போய் நின்றது. சார்ஜண்ட் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் சுவரில் வைத்துப் பார்த்தார். எது அதிர்ந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

முதல் மாடித் திருப்பத்தில், மூடிய பச்சை இரும்புக் கதவுக்கு முன்னால், மர நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு. கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் ஸ்வெட்டர். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மடியில் நோட்டு, உள்ளங்கையில் ஒரு கடிகாரம்.

நம்மைப்போல இளைப்பாறுகிற யாரோ என்று நினைத்து, சார்ஜண்ட் சுவரில் சாயப் போனார்.

"முடியுதா?" என்றார் ஸ்வெட்டர்க்காரர்.

"முடியுது சார்!" குதிகால் சேர்ந்த சத்தம் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

ஸ்வெட்டர்க்காரர் பெருமூச்சு விட்டு, நோட்டில் ஏதோ எழுதினார்.

பாழாய்ப்போன வாய்! சார்ஜண்ட் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். முடியுது என்று அடித்துச் சொல்லிவிட்டு, அதே ஆள் முன்னால் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். உள்ளே அந்த முழங்கால் அழுத்தத் தொடங்கியது. சுவருக்குள் மறுபடி 'உம்ம்ம்'.

இரண்டாவது திருப்பத்தில் பச்சைக் கதவு, மர நாற்காலி, சாம்பல் ஸ்வெட்டர்.

சார்ஜண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அதே புருவத் தழும்பு. கைப்பிடியில் குனிந்து கீழே எட்டிப் பார்த்தார். முதல் மாடி நாற்காலி காலி. இருப்பது ஒரே படிக்கட்டு. அவரைத் தாண்டி ஓர் ஈகூட மேலே வரவில்லை. இந்த ஆளுக்கோ மூச்சு வாங்கியதற்கான அடையாளமே இல்லை.

"கீழ இருக்காரே... அவருக்கு நீங்க தம்பிங்களா?"

"இல்லையே, நான்தான் அது."

"அதெப்படி..."

"அதை விடுங்க. நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல சார்!"

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஸ்வெட்டர்க்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்த பார்வையில் சார்ஜண்டின் முதுகு சில்லிட்டது. உள்ளங்கைக் கடிகாரம் டிக் டிக் என்றது. நிற்கவும் பயம், இறங்கினால் மனைவி. ஏறினார்.

ஏறும்போதுதான் அந்த மலைப்பாதை நினைவுக்கு வந்தது. பட்டாளத்து டிரைவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. சட்டப் புத்தகத்தில் இருக்காது. ஆனால் சட்டத்தை மீறியவன்கூட இதை மீறமாட்டான். பனிமூட்டத்தில் வழியோரம் ஓர் ஆள் கை காட்டினால் நிறுத்தலாம். இரண்டு வளைவு தாண்டி அதே ஆள் மறுபடி கை காட்டினாலும், போனால் போகிறதென்று நிறுத்தலாம். மூன்றாவது தடவையும் அவனே நின்றால் நிறுத்தக் கூடாது. "அவன் உன் வண்டியில ஏற வரல தம்பி, உன்னை ஏத்திக்கிட்டுப் போக வந்திருக்கான். மிதி!" என்று மூத்த டிரைவர் சொல்லியிருந்தார்.

சார்ஜண்டும் ஒருநாள் மிதித்திருக்கிறார். பனிக்குள் தெரிந்தது மரமா மனுஷனா என்று இன்றுவரை தெரியாது. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

'உம்ம்ம்.' சத்தம் அவரை முந்திக்கொண்டு மேலே போனது.

மூன்றாவது திருப்பம். அதே ஸ்வெட்டர். இந்தத் தடவை அந்த ஆள் எழுந்து நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"முப்பத்தொண்ணு," என்றார். "வாங்க. இப்படி வந்து உக்காருங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

சார்ஜண்டுக்கு வேர்த்துக் கொட்டியது. மூச்சு விசிலடித்தது. முழங்கால் இரண்டும் உட்கார்ந்துவிடேன், உட்கார்ந்துவிடேன் என்று கெஞ்சின. அந்த மர நாற்காலியைப்போல் சுகமான ஒன்றை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஓர் அடி அதை நோக்கி வைத்தும் விட்டார்.

"பயப்படாதீங்க," என்றார் ஸ்வெட்டர்க்காரர், இன்னும் கனிவாக. "உக்காந்தா போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மிதி!

சார்ஜண்ட் ஓடினார். இரண்டிரண்டு படியாகத் தாவினார். ரிட்டயரான பிறகு பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனிதர், பின்னால் "நில்லுங்க, நில்லுங்க!" என்று குரல் துரத்தத் துரத்த, கடைசி மாடியை ஒரே மூச்சில் ஏறி, கதவை இடித்துத் திறந்து, கூடத்து பெஞ்சில் விழுந்தார்.

கூடத்தில் மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள் மட்டும் இருந்தாள். அவர் விழுந்து கிடந்த கோலத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் மேசையில் போன் அடித்தது.

"சரிங்க டாக்டர்... ஓடியேவா? ...சரிங்க, போட்டுடறேன்."

ஒரு தாளில் முத்திரை குத்தி நீட்டினாள். சார்ஜண்டுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தாளைக் கிட்டே பிடித்துப் படித்தார். ஊனம்: பூஜ்யம்.

"பத்து... இருந்துச்சேம்மா!"

"அது போன வருஷம். பூஜ்யம் வந்துட்டா மூணு வருஷம் கழிச்சுதான் மறுபடி மனு போடலாம்."

"டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லையே! மிஷின் எங்கே? நெஞ்சுல ஒரு குழாய்கூட..."

"பரிசோதனை முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்களே. நான் என்னங்க பண்றது, எழுத்து வேலை மட்டும்தான் எனக்கு."

சார்ஜண்ட் ஒரு கையால் தாளையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷம். தன் நெஞ்சு அவ்வளவு நாள் தாங்காது என்று அவருக்குத் தெரியும். கீழே காலரைச் சரிசெய்து அனுப்பியவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? பட்டாளத்தில்கூட அழாதவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சுவருக்குள் மறுபடி அந்த 'உம்ம்ம்'. மிக அருகில் வந்து நின்றது. கூடத்து மூலையிலும் ஒரு பச்சை இரும்புக் கதவு இருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். கதவு கிறீச்சென்று திறந்தது.

வாளியும் துடைப்பமுமாக ஒரு துப்புரவுக்கார அம்மா வெளியே வந்தாள்.

"ஏம்மா," என்றார் சார்ஜண்ட், குரலே எழாமல். "சுவருக்குள்ளேருந்து எப்படிம்மா வர்றீங்க?"

"லிஃப்டுலதாங்க வர்றேன், உங்களுக்கு முன்னாடி மாடிக்கு மாடி போய் உக்காந்து பார்க்கறதுக்காக டாக்டரய்யா அதைத் தனக்குன்னு வெச்சிருக்காரு, பாவம், மூணாவது மாடியில அவர் கூப்பிட்டதும் உக்காந்துட்டா அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவாரு!"