பயன் சொல்லப் போய் நாடகம் சொன்ன கதை

இதை எழுதுவதா விடுவதா என்று நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை கொப்பி வாங்கினேன். முதல் கொப்பியில் "உ" போட்டு, பிள்ளையார் துணை என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது? இந்தக் கதையில் நான் அவமானப்பட்டதே அவருடைய சந்நிதியில்தான்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. புளியங்கூடலில் தோட்டம் செய்கிறேன். காலையும் மாலையும் தேவாரம், வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, கோயில் மணி கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிடுவேன். வெளியே தெரிகிற சிவபாதம் இவ்வளவுதான். வெளியே தெரியாத சிவபாதம் ஒருவன் இருந்தான். அவன் ஆறு மணிக்குக் கால் கழுவி, திருநீறு பூசி, மனைவி பூமணிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தொலைக்காட்சியில் நாடகம் பார்ப்பான்.

நாடகத்தின் பெயர் வேண்டாம். ஒரு பெரிய வீடு, ஒரு மாமியார், ஒரு மருமகள். மாமியார் காலை நித்திரையால் எழும்பும்போதே பட்டுச் சேலையோடுதான் எழும்புவார். (அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளாவது முற்றம் கூட்டி நான் கண்டதில்லை.) இந்தக் கதை நடந்த நேரம் மாமியாரின் பத்துப் பவுண் சங்கிலி காணாமல் போய், மருமகள்தான் எடுத்தாள் என்று பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. நாடகம் முடிந்ததும்தான் எங்கள் ஊரில் நாடகம் தொடங்கும். சுவிஸில் இருக்கும் எங்கள் மகள், கைத்தொலைபேசியில் ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு குழு தொடங்கிக் கொடுத்திருந்தாள். புளியங்கூடல், சரவணை, லண்டன், கனடா என்று முப்பது பேர். ஒவ்வொருவரும் குரல் பதிவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். மாமியார் கட்சி, மருமகள் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். மாமியார் கட்சிக்குத் தலைவி அடுத்த வளவுத் தவமணி அக்கா. "ஒரு பொம்பிளை வீணா ஆரிலையும் பழி போடுவாளோ? அந்தப் பெட்டை எங்கையோ அலுமாரிக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாள்" என்பார். கனடாவிலிருந்து ஒருவர், "ஐயோ, கதையைச் சொல்லிப்போடாதேங்கோ, நான் இன்னும் பாக்கேல்லை!" என்று தினமும் அழுவார்.

மருமகள் கட்சிக்குத் தலைவி என் பூமணி. அவள் சொல்லும் கருத்துக்கு லண்டனில்கூட மதிப்பு இருந்தது. அதில் பாதி நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தது என்பது எவருக்கும் தெரியாது. ஆம்பிளை, அதுவும் கோயில் குளம் என்று திரிகிறவன், நாடகத்துக்குக் கருத்துச் சொல்கிறான் என்றால் மரியாதை என்னாவது?

அந்த வருடம் எனக்கு ஒரு பெரிய பாக்கியம் வந்தது. எங்கள் பிள்ளையார் கோயிலில் வருடாவருடம் பதினொரு நாள் புராணப் படிப்பு நடக்கும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் என்றால் விளக்கம். படிக்கிறவர் நடராசா அண்ணை, இளைப்பாறிய வாத்தியார், ஒரு எழுத்துப் பிழைத்தாலும் நெற்றி சுருக்குகிறவர். பயன் சொல்லிவந்தவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். இருபத்தைந்து வருடம் முன்வரிசையில் இருந்து கேட்டவன் என்பதற்காக, பரிபாலன சபையார் என்னைக் கேட்டார்கள்.

"இந்தப் பதினொரு நாளும் சொல்லிப் பாரும். நல்லாயிருந்தால் இனி அந்த இடம் உமக்குத்தான்" என்றார் தலைவர்.

பயன் சொல்கிறவர் இருக்கும் அந்த மான்தோல் விரிப்பில் இருக்க வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. படிக்காதவனைப் படித்தவர்கள் நடுவில் இருத்தும் இடம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் பூமணியிடம் சொன்னேன்.

"இஞ்சருமப்பா, பதினொரு நாளும் வீட்டிலை மச்சம் இல்லை. நாடகமும் இல்லை. மனம் சுத்தமா இருந்தால்தான் வாக்குச் சுத்தமா வரும்."

"மச்சத்தை விடலாம். நாடகத்தையுமோ? இப்பதானே அந்தப் பிள்ளையைச் சிறையிலை போட்டிருக்கிறாங்கள்!"

"அவள் பதினொரு நாள் சிறையிலை இருந்தால் செத்துப்போக மாட்டாள்."

பூமணி உள்ளே போனாள். பிறகு என் பழைய வேட்டி ஒன்றை எடுத்துவந்து தொலைக்காட்சியை மூடிக் கட்டினாள். "உங்களுக்கு அந்த இடம் கிடைக்கட்டும்" என்று சொல்லி, மகளுக்குச் சொல்லிக் குழுவிலிருந்தும் விலகிக்கொண்டாள். முப்பது பேரும் திகைத்துப்போனார்களாம்.

ஏழு நாள் ஒரு குறையும் இல்லை. நடராசா அண்ணைகூட ஒருமுறை தலையாட்டினார். ஏழாம் நாள் படிப்பு முடிந்த பின்னேரம் என் கண்ணாடியின் கால் உடைந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு, தூரமெல்லாம் புகை. அடுத்த பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன்.

கண்ணாடிக் கடையில், "கொஞ்சம் இருங்கோ ஐயா" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு நேரே சுவரில் ஒரு தொலைக்காட்சி. நேரம் ஆறு மணி.

நான் திரும்பித்தான் இருந்தேன். பிள்ளையார் மேல் ஆணை, மற்றச் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தேன். ஆனால் காதை எந்தப் பக்கம் திருப்புவது? "அம்மா, சங்கிலி எங்கை எண்டு எனக்குத் தெரியும்" என்ற மாதிரி ஒரு குரல் கேட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கொண்டுவந்து, "போட்டுப் பாருங்கோ ஐயா, தூரத்திலை தெளிவாத் தெரியுதோ?" என்றாள்.

தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு கண்ணாடியைச் சோதிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? நான் விளம்பரங்களோடு சேர்த்து அரை மணித்தியாலம் சோதித்தேன். சங்கிலியை மாமியாரே அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்! கண்டவன் இளைய மகன்! என் கட்சி வென்றது. கடையில் யாருக்குச் சொல்வது? பஸ்ஸில் யாருக்குச் சொல்வது? வாய்க்குள் நெருப்புத் தணலை வைத்துக்கொண்டு வருகிறவன் மாதிரி ஊருக்கு வந்தேன்.

வந்தால் ஊர் முழுக்க இருட்டு. பின்னேரம் ஐந்தரைக்கே மின்சாரம் போய்விட்டதாம். பூமணி விளக்கு ஏற்றிவிட்டு, "கண்ணாடி சரியோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த "ஓம்" தான் நான் அவளுக்குச் செய்த முதலாவது துரோகம்.

எட்டாம் நாள். கோயில் மண்டபம் நிறைந்த சனம். அன்றைக்கு வந்த பகுதி, அசுரன் சிறையிலே தேவராசன் மகன் கிடந்து புலம்புகிற இடம். நடராசா அண்ணை உருகி உருகிப் படித்தார். நான் புதுக் கண்ணாடியோடு நிமிர்ந்து இருந்து தொடங்கினேன்.

"அடியார்களே, ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை சிறையிலே கிடக்கிறது. வெளியிலே பெற்றவர்கள் அலைகிறார்கள்..."

பெண்கள் பக்கம் சேலைத்தலைப்புகள் கண்ணுக்குப் போயின. அதைக் கண்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறியது. குரலை இன்னும் இறக்கினேன்.

"...குற்றம் செய்தவரோ பட்டுச் சேலை உடுத்து, ஒன்றும் தெரியாதவர் போல நிற்கிறார். சங்கிலியோ அரிசி வாளிக்குள்ளே கிடக்கிறது..."

நடராசா அண்ணை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் சிறையில் கிடந்தது எனக்கு அந்த மருமகள்தான். ஆனால் சனத்துக்கு விளங்கிவிட்டது. தவமணி அக்கா இருந்த இடத்திலிருந்து எழும்பியே விட்டார்.

"எணை, அரிசி வாளிக்கையோ? நான் அலுமாரிக்கை எண்டெல்லோ நினைச்சனான்!"

"நான் அண்டைக்கே சொன்னனான், மாமிதான் எடுத்து ஒளிச்சவ எண்டு!" என்றது தூணடியிலிருந்து ஒரு குரல்.

"சும்மா இருங்கோ, அந்த மனிசிக்கு எடுக்க என்ன தேவை? அவவின்ர சங்கிலிதானே!"

"அதுதானே சூழ்ச்சி!"

ஒரு வாரமாகத் தொலைபேசிக்குள் நடந்த சண்டை பிள்ளையாருக்கு முன்னால் நேருக்கு நேர் நடந்தது. ஆம்பிளைகளில்கூட இரண்டு மூன்று பேர் தங்களை மறந்து மாமியாருக்குத் தண்டனை சொன்னார்கள். (அவர்களும் என்னைப் போலத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அவர்கள் கையில் ஒலிவாங்கி இல்லை.) அந்த அமளிக்குள் ஒரு பிள்ளை கேட்டாள்:

"ஐயா, அப்ப புருசன் கண்டுபிடிச்சிட்டானோ?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால், ஏதோ நாக்குத் தடுமாறிவிட்டது என்று போயிருக்கும். நான் மூடவில்லை. ஒலிவாங்கியை இன்னும் கிட்டப் பிடித்து, பயன் சொல்கிற அதே குரலில் சொன்னேன்:

"புருசன் இல்லை, பிள்ளை. அவன்ர தம்பி."

கோயில் ஒலிபெருக்கி அதைப் புளியங்கூடல் முழுவதற்கும் சொன்னது.

"சிவபாதம்," என்றார் நடராசா அண்ணை மெதுவாக, "நீர் எந்தப் புத்தகத்துக்குப் பயன் சொல்லுறீர்? என்ர புத்தகத்திலை அரிசி வாளி இல்லைக் காணும்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஐயரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட நான் தாங்கியிருப்பேன். சிரிப்பு ஓய்கிற நேரம் தவமணி அக்காதான் கேட்டார், கெட்ட எண்ணம் இல்லாமல்:

"அதுசரி, நேற்று ஊர் முழுக்கக் கரண்ட் இல்லையே. ஐயா எங்கை பாத்தவர்?"

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பூமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாடகத்தை ஏன் விட்டாள் என்பது முப்பது பேருக்கும் தெரியும். அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கைகூப்பி மூலஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மான்தோலில் இருந்துகொண்டு, பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தேன். புராணங்களில் பிளக்கிறது. எனக்குப் பிளக்கவில்லை.

மிச்சச் செய்யுளுக்கு நடராசா அண்ணையே படித்துப் பயனும் சொன்னார். நான் பக்கத்தில் பொம்மை மாதிரி இருந்தேன். முடிந்ததும் சபைத் தலைவர் என் தோளில் கைபோட்டு, "நாளைக்கு வந்து கரைச்சல்படாதையும், அண்ணை தனியச் சமாளிப்பார்" என்றார். கேட்க நல்ல வார்த்தை மாதிரித்தான் இருந்தது. இருபத்தைந்து வருட ஆசை அதோடு முடிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பூமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"புதுக் கண்ணாடியிலை நல்லாத் தெரிஞ்சுதோ?"

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, தொலைக்காட்சியில் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்தேன். "இனி என்னத்துக்கப்பா? நீர் பாரும். எனக்காக விட்டனீர், அந்த இடமே போயிட்டுது" என்றேன்.

அவள் குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேட்டியை என் கையிலிருந்து வாங்கி, உதறி, திரும்பவும் கட்டினாள்.

"இவ்வளவு நாளும் உங்களுக்காக விட்டனான். இண்டைக்கும் மிச்ச மூண்டு நாளும் பிள்ளையாருக்காக விடுறன். அவர் என்ன பிழை செய்தவர்?"

அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அடுத்த வருடம் சரவணையிலிருந்து ஒரு ரீச்சர் வந்து பயன் சொன்னார். நன்றாகத்தான் சொல்கிறார், பொறாமை இல்லை. எனக்கு ஒலிபெருக்கிப் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள், ஒலிவாங்கியிலிருந்து நாற்பது அடி தூரத்தில். எங்கள் வீட்டில் பூட்டுத் திறப்பு, சீப்பு, மருந்து எது காணாமல் போனாலும், சுவிஸிலிருந்து மகள்கூட, "அப்பாட்டைக் கேளுங்கோ, அரிசி வாளிக்கை கிடக்கும்" என்கிறாள். மருமகன் தமிழ் கதைக்கத் தெரியாத வெள்ளைக்காரப் பிள்ளை. அவனும் "அரிசி வாளி" என்று மட்டும் சுத்தமாகச் சொல்கிறான்.

கதை இப்போது ஊரைவிட்டுப் போய்விட்டது. கனடாவில் நான் நாடகத்தின் தொடக்கப் பாட்டையும் பாடினேன் என்று சொல்கிறார்களாம். லண்டனில் நடராசா அண்ணை புத்தகத்தால் எனக்கு அடித்தாராம். அதற்கெல்லாம் நான் கோபிக்கவில்லை, அடித்திருந்தாலும் பிழையில்லை. ஆனால் கேட்ட எல்லாக் கதையிலும் ஒரு இடத்தை விட்டுவிடுகிறார்கள். சிரிப்பு முடிகிற இடத்தில் கதையையும் முடித்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் மூன்றாவது கொப்பி வாங்கி இதை எழுதினேன். வாசிக்கிறவர்கள் தாராளமாக மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், சிரியுங்கள். ஒன்றைக் கூட்டவேண்டாம், ஒன்றைக் குறைக்கவேண்டாம். சிவபாதம் எட்டாம் நாள் விழுந்தான் என்று சொல்லும்போது, பூமணி பதினொரு நாளும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.