நேசபாயின் கதவும் நிவாரணக் கமிட்டியும்

நிவாரணம் என்றால் என்ன என்று உலகத்தில் யாராவது கேட்டால், பூகோளப் படத்தை விரித்து, திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்கே, குழித்துறை ஆறு வளைகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்து, "இதுதான்" என்று காட்டிவிடலாம். அந்தப் புள்ளி எங்கள் ஆனைக்கடவு. புயலடித்து வெள்ளம் வந்தபோது அங்கே நாங்கள் செய்த 'தொண்டு' லேசில் மறக்கக்கூடியதல்ல. மறக்க நினைக்கிறவர்களையும் நான் விடுவதாக இல்லை. கமிட்டியின் காரியதரிசி நான்தான். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குமாரதாஸ்.

அந்த வருஷம் ஐப்பசியில் கடலிலிருந்து காற்றும் மலையிலிருந்து தண்ணீரும் ஒரே நாளில் எங்களைப் பார்க்க வந்தன. பேச்சிப்பாறைப் பக்கத்து மரங்கள் வேரும் கிளையுமாக மிதந்து போயின. ஆற்றங்கரைத் தெருவைக் காணோம், ஆறுதான் இருந்தது. ஊரில் மிஞ்சியது சர்ச் இருக்கிற மேடு ஒன்றே. மனுஷரும் ஆடும் கோழியும் அங்கே ஒன்றாய் ஏறி நின்றார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்தவள் நேசபாய். தெருவில் ஆப்பம் சுட்டு விற்கிற விதவை. ஆப்பச்சட்டி ஆறினாலும் நாக்கு ஆறாது. அவள் மகள் ஞானபாய் அப்போது நிறைமாதம். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நேசபாய் யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுக் கதவைக் கழற்றினாள். அது பழைய குடுமிக் கதவு. கீல் கிடையாது. மேலும் கீழும் முளை இருக்கும், அது குழியில் நின்று சுழலும், தம் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அதில் மகளைக் கிடத்தி, நீந்தித் தள்ளிக்கொண்டே மேட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கே சர்ச் வராந்தாவில் பேத்தி பிறந்தது. எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவு தன்பாட்டுக்கு ஆற்றோடு போய்விட்டது.

இப்போது கமிட்டிக்கு வருகிறேன். வெள்ளம் வடிவதற்கு முன்பே நிவாரணக் கமிட்டி அமைத்த ஊர் எங்களுடையது. தண்ணீர் வடிந்தது கூட, கமிட்டி அமைந்ததைக் கேள்விப்பட்டுத்தான் என்று ஒரு அபிப்பிராயம் உண்டு. கொப்பரை வியாபாரி பகவதியப்பன் முதலாளி தலைவர். தக்கலை ரோட்டில் பஸ் விடுகிற ரசலையன் முதலாளியை உபதலைவராக இருக்கச் சொன்னோம். "உப்புன்னாலும் இருப்பேன், 'உப'ன்னா இருக்கமாட்டேன்" என்று எழுந்துவிட்டார். ஆகவே அவரும் தலைவர். ஒரு சின்ன வெள்ளத்துக்கு இரண்டு தலைவர்கள் வேறு எந்த ஊரிலாவது உண்டா?

முதல் தீர்மானம், வெள்ளத்தைக் கண்டித்து. இரண்டாவது, கண்டித்ததற்காக எங்களைப் பாராட்டி. மூன்றாவதுதான் சரித்திரப் பிரசித்தி பெற்றது. கீழக் கடவில் ஆறு ஒதுக்கிவிட்டுப் போன உத்திரம், மூங்கில், பெஞ்சு, பெட்டி, நேசபாயின் கதவு, அனைத்தையும் கமிட்டி 'பாதுகாப்பில்' எடுத்துக்கொள்வது. எடுத்ததை ஏலம் போடுவது. வருகிற பணத்தில், சாமான் இழந்தவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது.

சர்ச்சில் மணியடிக்கிற ஏசுஅடிமை மூலையில் நின்று கேட்டார்: "அவியளுக்க சாமானை அவியளுக்கே குடுத்தா போராதா?"

கூட்டம் திகைத்துப்போனது. பகவதியப்பன் முதலாளிதான் பொறுமையாக விளக்கினார். "ஓய், குடுத்தா அது திருப்பிக் குடுக்கது. அது எவனும் செய்வான். நாம செய்யது நிவாரணமாக்கும்."

ஏசுஅடிமைக்குப் புரிந்துவிட்டது. உடனே அவரையே ஏலம் கூறுகிறவராக நியமித்தோம். அறுப்பின் பண்டிகையில் வருஷா வருஷம் ஏலம் கூறுகிறவர் அவர்தான். குரல் கருங்கல் சந்தை வரை கேட்கும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சபையார் படைத்த காய்கனியை ஏலம் போடுவார்கள். எடுத்த பூசணிக்காயை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். "கர்த்தருக்கே இருக்கட்டும்" என்று மேசையில் திருப்பி வைக்க வேண்டும். அது மறுபடி ஏலம் போகும். அடுத்தவரும் திருப்பி வைப்பார். ஒருமுறை ஒரு கோழிமுட்டை இப்படிப் பலர் பெருமையைச் சுமந்து சுற்றிவந்து, கடைசியில் ஒருவர் மடியில் உடைந்தது. சொன்ன தொகையை அங்கேயே எண்ணிக் கொடுப்பதும் மரியாதையில்லை. அடுத்த பண்டிகை வரை அவகாசம் உண்டு. பகவதியப்பன் முதலாளி சபைக்காரர் இல்லை. ஆனாலும் ஏல விதிகளைக் கேட்டதும், "இது நல்ல மதமாக்கும்" என்று உருகிவிட்டார். நிவாரண ஏலத்துக்கும் அதே விதிகளை வைத்தோம்.

ஏலத்தன்று மேட்டில் எள் போட இடமில்லை. கதவு வந்தது.

"இன்னா வருது கதவு!" என்று ஏசுஅடிமை மேசைமேல் ஏறினார். "சும்மா கதவில்ல கேட்டியளா! அயினி மரத் தடி! நிறைசூலியைச் சுமந்து கரைசேத்த கதவு! நம்ம நேசபாய்க்க கதவு!"

நேசபாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "அதத்தானே நானும் சொல்லுதேன். எனக்க கதவாக்கும். தாருங்கோ, கொண்டு போறேன்."

"கேட்டியளா! உடமைக்காரியே சாட்சி! சந்தேகமில்லாத உருப்படி!"

விலை ஏறியது.

"எனக்க மகள் இதுலதான் கிடந்தா. நான் தள்ளிட்டு வந்தத நீங்க எல்லாரும் மேட்டுல நின்னு பாக்கல்லியா?"

"பாத்தோம், பாத்தோம்!" என்று ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். விலை இன்னும் ஏறியது. ரசலையன் எடுத்தார், திருப்பி வைத்தார். பகவதியப்பன் எடுத்தார், அதைவிட அழகாகத் திருப்பி வைத்தார்.

"என்னைக் கெட்டின மாப்பிள கையால கொத்தின மீனு அதுல இருக்கு. வேணும்னா பாருங்கோ!"

பார்த்தார்கள். மீன் இருந்தது. விலை துள்ளியது.

எனக்கே மனசு கேட்கவில்லை. அவள் காதோரம் போய், "நேசபாய், வாயைத் தொறக்காத. நீ தொறக்கத் தொறக்க விலை கூடுது" என்றேன். அவளும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"பாருங்கோ!" என்று அலறினார் ஏசுஅடிமை. "துக்கத்துல வாயடைச்சு நிக்கா பாருங்கோ!"

அவ்வளவுதான். முதலாளிமார் இருவரும் எழுந்து நின்றே ஏலம் கேட்டார்கள்.

நேசபாய் கடைசியாகத் தானும் கேட்டாள். "வேற ஒண்ணும் எனக்க கையில இல்ல. ஊருக்கு எல்லாம் ஆப்பம் சுட்டுத் தாறேன். கதவத் தாருங்கோ. பிள்ளை பெத்தவ கதவில்லாத வீட்டுல கிடக்கா. நாயி கேறி வருது."

விதி இடம் கொடுக்கவில்லை. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் நிவாரணம் வாங்குகிறவர்கள். ஏலம் கேட்பது கொடுக்கிறவர்களின் உரிமை. ஒருவரே இரண்டும் செய்தால் கமிட்டிக்கு வேலை என்ன? இதை நான் அவளிடம் இலக்கணசுத்தமாக எடுத்துச் சொன்னேன். அவள் பதில் இலக்கணத்தில் சேராது.

இருட்டும்போது தலைவர்கள் இருவரும் கதவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, அதைக் கமிட்டிக்கே 'கூட்டுக் காணிக்கை'யாகக் கொடுத்தார்கள். உத்திரமும் மூங்கிலும் பெஞ்சும் அதேபோல் சுற்றிச் சுற்றிக் கமிட்டிக்கே வந்து சேர்ந்தன. இவ்வளவு சாமானை மழையில் போடலாமா? ஆகவே புனரமைப்பின் முதற்கட்டமாகக் கமிட்டிக்கு ஓர் ஆபீஸ் கட்டினோம். செல்வதாஸ் வீட்டு உத்திரம், பூங்கனி வீட்டு மூங்கில், இன்னும் யார் யார் வீட்டுப் பலகையோ. ஆற்றங்கரைத் தெருவே மேடேறி வந்து கமிட்டியாக நின்ற மாதிரி இருந்தது. செல்வதாஸ் தினமும் வந்து தன் உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அவ்வளவு பொது ஈடுபாடு இருந்தது. வாசலுக்கு நேசபாயின் கதவு. அதற்குத் தக்கலையிலிருந்து புதுப் பூட்டு. ஆபீஸ் முன்னால் கமிட்டியார் போட்டோவும் பிடித்துக்கொண்டோம். படத்தில் கதவு நன்றாக விழுந்திருந்தது.

ஆபீஸ் திறந்த மறுநாளே கதவு தட்டும் சத்தம்.

"யாரு?" என்றேன் உள்ளேயிருந்து.

"நேசபாய்."

"என்ன வேணும்?"

"இப்ப தட்டினேனே, அதுதான் வேணும்."

கமிட்டி யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது. மனு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளச் சொன்னோம். மனுவை ஆராய ஒரு கதவு உபகமிட்டியை அமைத்தோம். உபகமிட்டி கூடி, கதவு கிடைக்கும்வரை வாசலில் தொங்கவிட ஒரு சாக்கு சிபாரிசு செய்தது. சாக்கை நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதற்கப்புறம் ஒருநாள் கிணற்றடியில் அவளைப் பார்த்தேன். என்றும் சண்டைக்கு நிற்கிறவள் அன்று மெதுவாகப் பேசினாள். "வாத்தியாரே, நேத்து நாயி பிள்ளைக்க கால்மாட்டுல நின்னுது. அடுப்புல கிடந்த கொள்ளிய எடுத்து எறிஞ்சேன். இனி நான் ஒறங்கமாட்டேன், கேட்டேரா? ஆப்பம் சுடவும் வழியில்ல. காவல் கிடக்கியது மட்டும்தான் எனக்க ஜோலி." அதை அப்படியே அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தன்று மறுபடி மழை பிடித்தது. ஆபீஸ் நிறைந்த கூட்டம். உள்ளே பருப்புவடை, சுக்குக்காப்பி. ஓட்டை ஓலைக்குடையோடு நேசபாய் வந்து திறந்த வாசலில் நின்றாள்.

"ஏட்டி, அங்கயே நில்லு. செபம் ஆரம்பிக்கப் போகுது" என்றார் ரசலையன் முதலாளி.

ரசலையன் முதலாளியின் செபம் எங்கள் பக்கத்தில் பேர்போனது. நோவா காலத்து வெள்ளத்தில் தொடங்கி மெதுவாக எங்கள் வெள்ளத்துக்கு வருவார். எல்லாரும் கண்ணை மூடினோம். மரியாதைக்காகப் பகவதியப்பன் முதலாளியும் மூடினார். நோவா பேழை செய்தார், மிருகங்களை ஏற்றினார், புறாவை விட்டார். நடுவே சாரல் என் முகத்தில் அடித்தது. செபத்தின் வல்லமை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தால் கதவைக் காணோம்.

வாசல் இருந்தது. வாசல் வழியாக மழை சபைக்கு வந்துகொண்டிருந்தது. வாசற்படியில் தக்கலைப் பூட்டு மட்டும் சாவியோடு பத்திரமாக இருந்தது. பிறத்தியார் பொருளுக்கு ஆசைப்படாத பெண்.

"களவு!" என்று கத்தினார் பகவதியப்பன். "பட்டப்பகல்ல கமிட்டிக்க கதவு களவு போச்சே!"

ஒரே ஓட்டமாக ஆற்றங்கரைத் தெருவுக்கு ஓடினோம். தலைவர்கள் இருவரும் சேற்றில் வழுக்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒற்றுமையாக வந்தார்கள். நேசபாய் வீட்டு வாசலில் மீன் கொத்திய கதவு இறுகச் சாத்திக் கிடந்தது. அந்த நாய் வெளியே நனைந்துகொண்டு நின்றது. நாங்களும் போய் அதனோடு நின்றோம்.

நான் தட்டினேன்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

"கமிட்டி."

"என்ன வேணும்?"

நான் தலைவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் நாயைப் பார்த்தார்கள்.

"வேணுங்கியத எழுதிக் கதவுக்கு அடியில தள்ளுங்கோ" என்றாள் நேசபாய். "நானும் எனக்க மகளும் உபகமிட்டி கூடி ஆலோசிக்கோம். பேத்தி ஒறங்கிட்டிருக்கா. சத்தம் போடாம போங்கோ. போகும்போ அந்த நாயையும் கூட்டிட்டுப் போங்கோ, கமிட்டியில சேத்துக்கிடலாம்."

உள்ளே ஆப்பச்சட்டியில் மாவு விழுகிற சத்தம் 'சுர்'ரென்று கேட்டது. வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் ஆப்பம் வெந்தது அன்றைக்குத்தான். வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது, கதவு வரவில்லை.

மேட்டுக்குத் திரும்பினால் செல்வதாஸ் ஆபீஸ் கூரைமேல் உட்கார்ந்து தன் உத்திரத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். பூங்கனி மூங்கிலைச் சுமந்து இறங்குகிறாள். "கதவில்லாத ஆபீஸுக்கு உத்திரம் எதுக்கு மொதலாளி?" என்று கேட்டான் செல்வதாஸ். கேள்வி எங்களுக்கே நியாயமாகப் பட்டது. அந்த வாரத்துக்குள் ஆபீஸ் முழுவதும் கால் முளைத்துத் தெருவுக்குப் போய், வீடு வீடாக நின்றுவிட்டது. மேட்டில் எங்களுக்கு மிஞ்சியது போட்டோவும் பூட்டும்.

ஆனைக்கடவின் புனரமைப்பு இவ்விதமாகக் கமிட்டியின் அயராத உழைப்பால் பூர்த்தியடைந்தது. மேலிடத்துக்கு அறிக்கை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கதவு களவுபோனதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று தலைவர்கள் இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். சேர்த்தேன்:

"வெள்ளம் வந்த அன்று ஊரே திறந்து கிடந்தது. ஒருவர் பொருளை ஒருவர் தொடவில்லை. இவ்வூரில் களவு நடக்கத் தொடங்கியது நிவாரணக் கமிட்டி அமைந்த பிறகுதான்."

வாசித்துக் காட்டினேன். "உள்ளத உள்ளபடி எழுதியிருக்கேரு வாத்தியாரு" என்று சொல்லி, இரண்டு தலைவர்களும் ஏகமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.