கம்பத்தாரும் மூன்றாம் மாடி ஆன்டெனாவும்

காரைக்காலில் சில வீடுகள் கிழக்குப் பார்த்தவை, சில வீடுகள் வடக்குப் பார்த்தவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்பதுகளில் எங்கள் ஊரில் எல்லா வீடுகளும் சிலோனைப் பார்த்தவை. அப்படித் திருப்பி வைத்தவர் ஒரே ஒரு மனிதர். கம்பத்தார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. ஆறு வருஷம் என் வீட்டு மொட்டை மாடியில் ஏறி இறங்கிய மனிதரிடம் பெயர் கேட்கவில்லை என்று எழுதும்போதே கை கூசுகிறது. இந்தக் கட்டுரையில் இன்னும் சில இடங்களில் கூசும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் டி.வி. வாங்கினால் போதாது. மாடியில் இருபதடி இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் அலுமினிய ஆன்டெனாவைக் கட்ட வேண்டும். வடக்கே திருப்பினால் மெட்ராஸ் வரும், அதுவும் அடைமழைக்குள் நின்றுகொண்டு பேசுவதுபோல் வரும். தென்கிழக்கே திருப்பினால் கடலைத் தாண்டி சிலோன் பளிச்சென்று வரும். ஆகவே நாங்கள் சிலோன் பார்த்தோம். சிங்களத்தில் செய்தி வாசிப்பார்கள். எங்களுக்கு ஒரு சொல் புரியாது. ஆனாலும் தெருவே உட்கார்ந்து கடைசிவரை பார்க்கும். முடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு, "இன்னிக்கு சேதி ஒண்ணும் சொகமில்லீங்க" என்று எழுந்து போவார்.

குழாயைக் கம்பத்தார் சைக்கிளில்தான் கொண்டுவருவார். முன்முனை கடைத்தெருவில் திரும்பும்போது பின்முனை பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியிருக்காது. ஒருமுறை நான் டீக்கடையில் இருந்தபோது வாசல் வழியாக ஒரு குழாய் மட்டும் உள்ளே வந்தது. வடைத் தட்டைத் தாண்டி, என் மூக்குக்கு நேரே வந்து நிதானமாக நின்றது. ரொம்பத் தூரத்தில் ஒரு குரல் கேட்டது: "ஒரு டீ போடுங்க, சக்கரை கம்மியா."

அவர் மாடியில் ஏறிவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு வேலை. என் மனைவி கமலா டி.வி. முன்னால். நான் ஜன்னலில். அவர் மேலே.

"வருதா?"

"வரலைங்க!"

"இப்போ?"

"பாதி வருது! தலை இருக்கு, ஒடம்பு இல்லை!"

"ஒடம்பக் கொண்டாந்துருவோம், இருங்க."

எனக்கு இதில் ஒரு பெருமை உண்டு. கம்பத்தார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்: "சார் கொரலு சுத்தம்ங்க. பாதி வந்தா பாதின்னு சொல்லுவாங்க. மத்தவங்கள்லாம் கழுத்து வலிக்குதேன்னு வந்துருச்சு வந்துருச்சும்பாங்க. நான் எறங்கி வந்து பாத்தா ஒரே புள்ளியா கெடக்கும்." அலுவலகத்தில் எனக்கு யாரும் தராத நற்சான்று அது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

படம் வந்துவிட்டால் அவருக்கு ஒரே சட்டம்தான். "இனிமே ஆடக் கூடாதுங்க. காக்கா வந்து ஒக்காந்தாலும் தொரத்தாதீங்க. அது ஒக்காந்ததுனாலதான் வந்துச்சோ என்னமோ!" இப்படிச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் வீட்டில் டி.வி. கிடையாது. ஊருக்கெல்லாம் படம் கொண்டுவந்தவர் ஒரு படமும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கீழேயிருந்து நாங்கள் கத்துவதை வைத்துத்தான் நிகழ்ச்சிகளே அவருக்குப் பழக்கம். "அந்த மூக்குக்கண்ணாடிக்காரரு இன்னும் சேதி படிக்கிறாராங்க?" என்று மேலேயிருந்து நலம் விசாரிப்பார். "உள்ளே வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சு பென்சன் வாங்குபவர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடும். அவர் மகன் பாரீசிலிருந்து திரும்பி வருகிறான் என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வீடு தேடக் கிளம்பினேன். கம்பத்தாரும் கூடவே கிளம்பினார். யாரும் கூப்பிடவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை மட்டும் கேட்கும் ஆள்போல அவர் எந்த வீட்டிலும் அறையையோ அடுப்படியையோ பார்க்க மாட்டார். நேரே மாடிக்குப் போவார். விரலை நாக்கில் நனைத்துக் காற்றில் நீட்டுவார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வருவார். கோட்டுச்சேரியில் ஒரு வீடு. வாடகை குறைவு, வாசலில் பஸ் நிற்கும், கிணறு நல்ல கிணறு.

"வேணாங்க" என்றார். "தெங்கெழக்குல தண்ணி டேங்கு நிக்கிது."

கமலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கெணத்துத் தண்ணி கல்கண்டாட்டம் இருக்கு, அதைப் பாப்பீங்களா?"

"தண்ணிய எங்க வேணாலும் குடிச்சுக்கலாம்மா. சிலோனு எங்க வேணாலும் வருமா?"

இப்படி ஒன்பது வீடுகளைத் தள்ளினார். பத்தாவதாகத்தான் அரசு ஊழியர் குடியிருப்பில் மூன்றாம் மாடி கிடைத்தது. ஏறிப் போன மனிதர் வெகுநேரம் இறங்கவே இல்லை. நான் போய்ப் பார்த்தால், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார். நடுவில் ஒரு மரம் இல்லை, ஒரு டேங்க் இல்லை.

"சார், இது வூடு இல்லீங்க. கலங்கரை வெளக்கம்! கண்ண மூடிட்டு எடுத்துக்குங்க. இதுக்குன்னு தனியா ஒரு ஆன்டெனா செய்யிறேன். நீங்க குடி வர்ற அன்னிக்கு, பால் பொங்கறதுக்கு முன்ன படம் வந்துரணும். இது எம் பொறுப்பு."

எங்கள் பக்கத்தில் அது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, சிலோன் படம் வந்த பிறகுதான் அடுப்பில் பால் வைப்பார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் செகரட்டரி வருகிறார். குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி, என் அலுவலகத்திலும் எனக்கு இரண்டு படி மேலே இருந்தவர். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நான் மாற்றலாகிக் கேரளத்துப் பக்கம் மாஹேயில் உட்கார்ந்து மலையாளம் படித்துக்கொண்டிருப்பேன். சாவி வாங்கப் போன அன்று ஒரு தாளை நீட்டினார்.

"மாடியில கம்பம் நட்டா தளம் ஒழுகும். அதனால எல்லா வீட்டுக்கும் வீடியோ கடைக்காரர்கிட்டேருந்து கேபிள் ஒயர் இழுக்கிறோம். தெனம் புதுப் படம். ஆன்டெனாதான் வேணும்னா இப்பவே எழுதிக் குடுங்க, மீட்டிங்ல வச்சுப் பேசுவோம்."

பேசியிருக்கலாம். இரண்டு பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்து ஓரத்தில் ஆன்டெனா வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் எனக்கு ஒரு சபலம். அதிகாரிகள் குடியிருக்கும் இடத்தில், ஜன்னலில் தலையை நீட்டி "தலை இருக்கு, ஒடம்பு இல்லை" என்று கத்துவது நன்றாகவா இருக்கும்? சத்தமில்லாமல் சுவரிலிருந்து வரும் ஒரு ஒயர் கௌரவமாகத் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

போட்டதுகூடப் பெரிய தப்பில்லை. கம்பத்தாரிடம் சொல்லாததுதான் தப்பு. சொல்வதற்கு மூன்று சந்தர்ப்பம் வந்தது. முதல் தடவை அவர் பழைய இரும்புக் கடையில் அலுமினியக் குழாய் பொறுக்கிக்கொண்டிருந்தார். "தடவிப் பாருங்க சார், வழவழன்னு எப்படி இருக்கு!" என்றார். தடவிப் பார்த்தேன். இரண்டாவது தடவை, "உப்புக் காத்துக்குத் தாங்கணும்ல, மூணு கோட்டு பெயின்ட் அடிச்சிருக்கேன்" என்றார். "நல்லது" என்றேன். மூன்றாவது தடவை அவர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததுமே ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாமல் ஒரு இட்லிப் பானை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினேன்.

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கமலா தினமும் கேட்டாள்.

"சொல்றேன், சொல்றேன்."

குடிபோன அன்று காலை. மாட்டு வண்டியிலிருந்து பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. செகரட்டரி வாசலில் நின்று, படிக்கட்டுச் சுவரில் கீறல் விழாமல் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது கேட் வழியாக ஒரு குழாய் உள்ளே வந்தது. மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்த குழாய். அதன் பின்னால் ஆன்டெனா. அப்படி ஒரு ஆன்டெனாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பதினாறு கம்பி, வெள்ளி மாதிரி மின்னியது. அதற்கும் பின்னால் கம்பத்தார், சலவைச் சட்டையில்.

செகரட்டரியின் புருவம் ஏறியது. "யாருய்யா இது? கம்பமெல்லாம் தூக்கிட்டு வர்றாரு! ஒங்க ஆளா?"

அந்த ஒரு நொடியில் மாஹே வரை போய்த் திரும்பிவிட்டேன். பிறகு, ஊரே மெச்சிய அந்தச் சுத்தமான குரலில் சொன்னேன்.

"இல்ல சார். யாரோ அட்ரஸ் மாறி வந்துட்டாரு போல."

கம்பத்தார் என்னைப் பார்த்தார். சிரிப்போடு வந்த முகம், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவர் செகரட்டரியின் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க. அட்ரசு மாறிப் போச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க."

சைக்கிளைத் திருப்பினார். சைக்கிளோடு குழாயும் திரும்பியது. செகரட்டரி சட்டென்று குனிந்தார். அவர் யாருக்காவது குனிந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். சிரிக்க முடியவில்லை.

மேலே போனேன். பால் பொங்கியிருந்தது. கமலா ஒரு டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றாள். கம்பத்தார் கேட்டுக்குள் நுழைந்தபோதே ஊற்றியிருக்கிறாள். மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தும் இருக்கிறாள்.

"மொதல் டம்ளர் அவருக்குன்னு வச்சேன்" என்றாள். "நீங்களே குடிங்க."

குடித்தேன். அந்தப் பால் இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கேபிள் வந்தது. தினம் புதுப் படம் என்றார்கள். ஒரே படம் ஒரு வாரத்தில் மூன்று தரம் வந்தது. வீடியோ கடைக்காரருக்குக் கேசட் கிடைக்காத ஒரு நாள், தன் மச்சான் கல்யாணக் கேசட்டைப் போட்டுவிட்டார். மூன்று மாடிக்காரர்களும் மூன்று மணி நேரம் அதைப் பார்த்து, பந்தியில் பாயசம் பரிமாறியது சரியில்லை என்று மறுநாள் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டோம். மேலேயிருந்து கேட்கத்தான் ஆள் இல்லை. ஒயரைப் பார்த்து "பாதி வருது" என்றா கத்துவது?

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீன் வாங்கக் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். வலை பின்னும் கொட்டகை முன்னால் ஒரே கூட்டம். ஊர்ப் பொதுவில் டி.வி. வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கொட்டகையை ஒட்டி என்னுடைய ஆன்டெனா நின்றது. பதினாறு கம்பி. குழாயில் காய்ந்த மாவிலை அப்படியே இருந்தது. குழாயைக் கட்டிப் பிடித்தபடி, கீழே திரும்பாமல், கம்பத்தார் ஏணியில் நின்றார்.

"வருதா?"

ஐம்பது பேர் ஐம்பது பதில் சொன்னார்கள். வந்துருச்சு என்றார்கள், வரலை என்றார்கள், அப்படியே வுடுங்க என்றார்கள். திரையில் புள்ளிகளுக்கு நடுவே அரை முகம்.

"யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்களேன்!" என்று மேலேயிருந்து கெஞ்சினார்.

திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது. "பாதி வருதுங்க! தெக்கால இன்னும் ஒரு வெரக்கடை!"

மேலே குழாய் அசையவில்லை. அவரும் அசையவில்லை. பிறகு குழாய் மெதுவாக ஒரு விரற்கடை திரும்பியது.

"இப்போ?"

"தலை வந்துருச்சு, ஒடம்பு இல்லை!"

இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"இப்போ?"

"வந்துருச்சுங்க."

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கம்பத்தார். "ஏம்ப்பா, பின்னாடி சார் நிக்கிறாங்க பாரு. ஒக்கார எடம் குடுங்க."

அந்த வார்த்தைக்குப் பதில் ஓர் அறை வாங்கியிருந்தால் தேவலை. அவர் இறங்கி, வழக்கம்போலக் கையைக் கழுவிவிட்டுச் சைக்கிள் பக்கம் போனார். ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நாளாவது ஒக்காந்து பாருங்க. எங்கூட."

கொஞ்சம் யோசித்தார். வந்தார். மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் மூக்குக்கண்ணாடிக்காரர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"இவருதானா அவரு?" என்று கண்ணை அகல விரித்தார். "நான் இன்னும் கொஞ்சம் ஒல்லியா நெனச்சிருந்தேன்."

"அன்னிக்கு வாசல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"சேதி ஓடுதுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசவே முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். எத்தனை மாடி ஏறி இறங்கிய களைப்போ! வாங்கிய மீன் பையில் கிடந்தது, கமலா காத்திருப்பாள், கால் மரத்துப்போனது. மன்னிப்பை அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. இப்போதுதான், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

அன்று செய்தி முடிந்து, பாட்டு முடிந்து, கூட்டம் கலையும்வரை நான் தோளை ஆடவிடவில்லை.