முன்பக்கத்துப் பாடு

இனிமேல் பழைய மெத்தையைத் தொட மாட்டேன் என்று நான் சபதம் எடுத்ததற்குக் காரணம் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? எங்கள் குப்பத்தில் வாய் திறந்தால் பொழுது சாய்வதற்குள் ஏரியைச் சுற்றிப் பரவிவிடும்.

என் பெயர் தேவேந்திரன். மனைவி பெயர் இந்திராணி. பெயர்ப் பொருத்தம் பிரமாதம் என்று சொல்லிக் கட்டி வைத்தார்கள். தேவலோகத்தில் எப்படியோ தெரியாது, பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் சிம்மாசனம் ஒன்றே ஒன்றுதான். கல்லா நாற்காலி. அதற்கு நேர் மேலே ஃபேன். அதில் இந்திராணி உட்கார்ந்திருப்பாள்.

எங்களுக்கு மெத்தை வியாபாரம். குப்பத்தில் மற்றவர்கள் எல்லாம் கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர்கள். கடலில் முதுகு போன என் நைனா, நிம்மதியாகப் படுக்க ஒரு மெத்தை தேடி அலைந்து, எதுவும் பிடிக்காமல், கடைசியில் தானே கடை போட்டுவிட்டார். அவருக்குப் பிறகு கடை எனக்கு வந்தது. படகில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும். அதனால் வேறு வழியும் இல்லை.

வீட்டின் முன்பக்கம் கடை. பின்பக்கம் அடுப்படி, கோழிக்கூண்டு, பஞ்சு அடிக்கிற ஷெட். தையல் என்றால் பெண் என்றும் ஓர் அர்த்தம் உண்டாம். எங்கள் கடையில் இரண்டுமே இந்திராணிதான். முன்பக்கம் உட்கார்ந்து தைப்பாள், விலை பேசுவாள், வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். நான் பின்பக்கம். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை மிஷினில் போட்டு அடிக்க வேண்டும். ஊரார் பல வருஷம் புரண்ட மெத்தைகள். உள்ளே என்னென்ன இருக்கும் என்பதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

அன்றைக்குப் பொன்னேரியிலிருந்து ஒரு அம்மா காரில் வந்து இறங்கினார். மகளுக்கு இலவம்பஞ்சு மெத்தை வேண்டுமாம். நேரம் பார்த்து நான் தண்ணீர் குடிக்க ஷெட்டிலிருந்து வெளியே வந்தேன். தலை, புருவம், மீசை, காது மடல் எங்கும் பஞ்சு.

"ஐயோ பாவம், இந்த வயசுல இவ்வளவு வேலையா? யாரும்மா அந்தப் பெரியவர்?" என்றார் அந்த அம்மா.

இந்திராணி தையலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "நம்ம ஆளுதாங்க."

நம்ம ஆளு. புருஷனையும் அப்படிச் சொல்லலாம். கூலிக்காரனையும் அப்படிச் சொல்லலாம். அந்த அம்மா இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"டீயில நனைச்சு சாப்பிடுங்க பெரியவரே. பல்லுக்கு இதமா இருக்கும்."

எனக்கு வயது நாற்பத்தொன்று. பல் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டேன். அதைவிடக் கேவலம், உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

கடை சாத்தியதும் ஆரம்பித்தேன்.

"இந்தாமே, நான் இன்னா இந்த ஊட்டுல கூலியாளா?"

"யாரு சொன்னா?"

"நீதான். நம்ம ஆளுன்னியே!"

"ஏன், என் ஆளு இல்லியா நீ?"

"முதலாளின்னு சொல்ல வாய் வர்லியா உனுக்கு?"

"பஞ்சு மூட்ட மாரி வந்து நின்னா எப்டிய்யா சொல்றது? கட பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

"அப்ப நாளைலேர்ந்து நான் கல்லாவுல குந்தறேன். நீ ஷெட்டுக்குப் போ."

"வெல பேசுவியா?"

"பேசுவேன்."

"ஒரு தலகாணி கேட்டு வந்தவனுக்கு ரெண்டு தலகாணி குடுத்து அனுப்சியே, அந்த மாரியா?"

"கழுத்து வலின்னு சொன்னான்மே..."

"அவனுக்குக் கழுத்து வலி, எனுக்குத் தல வலி. போய்யா."

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. ஊரில் பெண்டாட்டிமார் எல்லோரும் தலையணை மந்திரம் ஓதுவார்களாம். தலையணையே தைத்து விற்கிறவளுக்கு மந்திரம் எதற்கு? அவள் சாதாரணமாகப் பேசினாலே போதும். அதனால் நான் ஏரி வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டில் வந்த இடம் நல்லதோ கெட்டதோ, முணுமுணுக்கக் கூடாது. பாடு என்றால் கஷ்டம் என்றும் அர்த்தம் உண்டு என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

"பாடு போட்லாம்மே. முன்பக்கம் ஒரு பாடு, பின்பக்கம் ஒரு பாடு. இந்த எறா சீசன் முடியற வரைக்கும்."

"சரி," என்றாள் இந்திராணி.

அவள் உடனே சரி என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மெத்தைக்காரனுக்கு மெத்தனம் கூடவே பிறந்தது.

"ஆனா எங்க நைனா வந்து குலுக்கணும். பாடுன்னா மொறையா இருக்கணும்," என்றாள்.

அவளுடைய நைனா, அதாவது என் மாமனார் சுப்பராயலு, ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பசியாவரத்துக்காரர். ஆயுசெல்லாம் பாட்டில் நின்று வலை போட்டவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். ஞாயிற்றுக்கிழமை இறாலோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

இனி நான் செய்த காரியம். இதை எழுதும்போது காது சூடாகிறது.

"காகிதச் சீட்டு ஃபேன் காத்துல பறந்துடும்மே. சின்னதா ரெண்டு தலகாணி தச்சுக் குடு. சீட்ட உள்ள வெச்சு நான் பஞ்சு அடைக்கிறேன்" என்று கேட்டு வாங்கினேன். கட்டைவிரல் அளவு தலையணைகள். 'முன்பக்கம்' என்ற சீட்டோடு சாதாரணப் பருத்திப் பஞ்சை அடைத்தேன். 'பின்பக்கம்' என்ற சீட்டோடு இலவம்பஞ்சு. இலவம்பஞ்சு அமுக்கினால் வழுக்கிக்கொண்டு எழும்பும். பருத்தி அமுக்கின இடத்திலேயே கட்டிக்கொண்டு கிடக்கும். தொட்டால் எனக்குத் தெரியும். முதலில் நான் கையை விட்டு, கட்டிக்கொண்டு கிடப்பதை எடுத்தால் சிம்மாசனம் எனக்கு.

மாமனார் வந்தார். இரண்டு குட்டித் தலையணைகளையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய தலையணை உறை ஒன்றுக்குள் போட்டுக் குலுக்கினார். நான் கையை நீட்டினேன்.

"இரு மாப்ள. சீட்டு கட்னது யாரு?"

"நான்தான் மாமா."

"கட்னவன் கடைசிலதான் எடுக்கணும். யம்மாடி, நீ எடு."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். இந்திராணி உறைக்குள் கையை விட்டாள். துழாவினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி துழாவினாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வழவழவென்று இலவம்பஞ்சு பறந்தது. பின்பக்கம்!

சாமி என் பக்கம் என்று துள்ளினேன். மாமனார் துள்ளவில்லை.

"கேட்டுக்க மாப்ள. பாட்டுக்காரன் பொழுது சாயறதுக்குள்ள எடத்த வுட்டு எழுந்தா பாடு போச்சு. சீசன் முடியற வரைக்கும் திருப்பிக் கேக்கக் கூடாது. அடுத்தவன் பாட்டுல கால் வெக்கக் கூடாது. வலைல இன்னா வுழுந்தாலும் உன்னுது. வாணான்னு சொல்லக் கூடாது." படகுக்குக் கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார். "இத்தினி வருசத்துல பாட்டுல ஒருத்தன் திருட்டுத்தனம் பண்ணி நான் பாத்ததில்ல மாப்ள."

என் கழுத்து தோளுக்குள் இறங்கியது. ஆனால் மனசு கல்லாவில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தலைக்கும் மீசைக்கும் மை அடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தேன். ஃபேன் காற்று. தலைக்கு மேலே சுவரில் மாலை போட்ட நைனா படம். பின்பக்கத்திலிருந்து இறால் தொக்கு வாசனை வந்தது. எழுந்து போய்த் தட்டை எடுக்கலாம் என்று பார்த்தேன்.

"இந்தாமே, கொஞ்சம் தொக்கு..."

"அடுப்படி யாரு பாட்டுல கீது?"

"பின்பக்கம்... உன் பாட்டுல."

"தெரிஞ்சா சரி."

ஷெட்டில் மிஷின் சத்தமே கேட்கவில்லை.

"இன்னாமே, பஞ்சு அடிக்கலியா?"

"என் பாட்டுல நான் எப்ப வல போட்டா உனுக்கு இன்னா?"

பட்டினியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொன்னேரி கார் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் முதலாளியா தம்பி?"

முதலாளி! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும். "ஆமாம்மா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லா இருக்கீங்க. வெள்ளைச் சட்டை, ஃபேன், எல்லாம் இருக்கு. பெத்த அப்பாவை மட்டும் பின்னாடி பஞ்சு அடிக்க விட்டிருக்கீங்க!"

"எந்த... அப்பா?"

"அன்னிக்குப் பார்த்தேனே அந்தப் பெரியவரை. நான் வேலைக்காரர்னு நினைச்சுட்டேன். நேத்து உங்க சம்சாரம் போன் பண்ணி, மெத்தை தயார், நாளைக்கு வாங்கன்னு சொன்னாங்க. அப்பதான் விசாரிச்சேன். உங்க நைனாவாமே! பேச்சு குறைவா இருப்பாராம், சொன்ன வேலையைச் செய்வாராம். எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. அவருக்கு ஒரு வேட்டி வாங்கிட்டு வந்திருக்கேன். கூப்பிடுங்க, என் கையால கொடுக்கணும்."

உண்மையைச் சொல்லலாம். அந்தப் பெரியவர் நான்தான், பிஸ்கட்டை வாங்கித் தின்றதும் நான்தான் என்று சொல்லலாம். வாய் வரவில்லை. அதற்குள் அவர் பார்வை சுவருக்குப் போனது.

"இது யாரு தம்பி, மாலை போட்டு?"

"அது... பெரியப்பா."

நைனா படத்திலிருந்து என்னைப் பார்த்தார். பெற்றவரைப் பெரியப்பா ஆக்கியவன் இந்த ஏரிக்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவமானத்தில் கண் கலங்கியது. அந்த அம்மா அதை மனம் திருந்திய கண்ணீர் என்று நினைத்துவிட்டார்.

"அழாதீங்க. போய்க் கூப்பிடுங்க."

நடைவாசல் வரை ஓடினேன். இந்திராணி அந்தப் பக்கம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்திராணி, கொஞ்சம் வழி வுடு. ஷெட்டுக்குப் போவணும்."

"பின்பக்கம் என் பாடு. வரணும்னா முன்பக்கத்த வுட்டுட்டு வா."

"வுட்டேன்."

"சீசன் முடியற வரைக்கும்?"

"வுட்டேன்மே!"

மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மெத்தை தயாராகப் பிரித்து வைத்திருந்தது. மேலே பழைய லுங்கி, மடித்து. என் லுங்கி. அப்போதுதான் உறைத்தது.

"நீ... தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"இலவம்பஞ்சு எது, பருத்தி எதுன்னு தெரியாமியா இத்தினி நாளு தச்சினு கீறேன்? எந்தச் சீட்டுக்கு எந்தப் பஞ்ச நீ அடைச்சேன்னு பாத்துனுதான் இருந்தேன். ரெண்டையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் எட்த்தேன்." கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நைனாவுக்கும் தெரியும். கைல வாங்கும்போதே கண்டுக்கினாரு. நாலு பேரு எதிர்ல மாப்ளயக் கேக்காதம்மா, வெக்கப்படுவாருன்னு சொல்ட்டுப் போனாரு."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். என் வெட்கத்தையும் அவரே பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று கேட்டபோது, அந்தப் பிரித்த மெத்தைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. வெள்ளைச் சட்டையைக் கழற்றி, லுங்கியைக் கட்டிக்கொண்டு மிஷினைப் போட்டேன். கிட்டத்தட்ட புகுந்தும் விட்டேன்.

மை அடித்த தலை, மீசை, புருவம் எல்லாம் வெளுத்த பிறகு, இடுப்பை வளைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தேன். சிம்மாசனத்தில் இந்திராணி உட்கார்ந்திருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா" என்று எழுந்து நின்றாள். அவ்வளவு மரியாதையை நான் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

அந்த அம்மா வேட்டியை என் கையில் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உங்க பையன் எங்க?"

"அவரு இப்டித்தாங்க," என்றாள் இந்திராணி. "வேல வந்தா எங்கியாவது பூடுவாரு."

"பெரியவரே, மனசுல வெச்சுக்காதீங்க. பையன் சரியில்லன்னா என்ன? மருமக தங்கமா அமைஞ்சிருக்கா." சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து இன்னொரு பிஸ்கட் பாக்கெட்டையும் வேட்டிக்கு மேலே வைத்தார்.

இந்த முறை டீயில் நனைத்தே சாப்பிட்டேன்.