நூலகம் சிவப்பில் கிடந்தது

வலயக் கல்விப் பணிப்பாளர் பத்து மணிக்கு வருகிறார். ஒன்பதேகாலுக்கு நூலகம் சிவப்பில் கிடந்தது.

பிரதாப், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் கணினி ஆசிரியர். பழைய கணினி ஒன்றைச் சேர்வராக்கி, நூலகம், பாட நேரசூசி, வினாத்தாள், படங்கள் என்று நான்கு மென்பொருள்களை, கன்டெய்னர் எனப்படும் நான்கு தனித்தனிப் பெட்டிகளில் ஓட விட்டிருந்தார். மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் நான்கும் பெட்டி பெட்டியாகத் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. கட்டளை அடிக்கத் தேவையில்லை. பொத்தானை அமுக்கினால் போதும். இதைப் பார்த்துப் பிடித்துப்போனால் பணிப்பாளர் பத்துப் புதுக் கணினி தருவாராம்.

அதிபர் பெற்றீசியா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதானே சேர்?"

"ஒரு பொத்தான் வேலைதான் மெடம்."

மறுபடி ஓடவிட்டார். நூலகம் பச்சையாகி, சற்று யோசித்து, திரும்பச் சிவந்தது. சேர்வரில் இடம் போதவில்லையோ என்று நேரசூசியை நிறுத்தினார். நூலகம் அசையவில்லை. நேரசூசியும் அதன் பிறகு எழும்ப மறுத்தது.

"சேர், பிள்ளைங்க மாலையோட மழையில நிக்கிறாங்க."

"உள்ள நிக்கச் சொல்லுங்க மெடம். இப்ப ரெண்டு பொத்தான் வேலை."

மிச்சம் இரண்டுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று, பாதுகாப்புக்காக அவற்றையும் நிறுத்திவைத்தார். ஓரத்தில் 'பாவனையில் இல்லாதவற்றைத் துப்புரவாக்கு' என்றொரு பொத்தான் இருந்தது. துப்புரவு நல்லதுதானே.

அமுக்கினார். நிறுத்தப்பட்டிருந்த நான்கும் பட்டியலை விட்டே போயின. பக்கம் மிகத் துப்புரவாக இருந்தது.

பத்தேகால். பணிப்பாளரைக் காணோம். பெற்றீசியா கதவைத் திறந்தார்.

"இப்ப எத்தனை பொத்தான் சேர்?"

"அமுக்குறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல மெடம்."

பத்துக் கணினியும் போயிற்று என்று பிரதாப் மனத்துக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பக்கத்துத் தோட்டப் பாடசாலையின் கணினி ஆசிரியை கிருஷாந்தி.

"சேர், டைரக்டர் மொதல்ல இங்க வந்துட்டாரு. போன வாரம் உங்க லேப்டொப்புல இருந்தே எங்களுக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அந்த நாலு பெட்டியும் காலையிலருந்து ஒண்ணொண்ணா நின்னு, இப்ப இருந்த எடமே தெரியல. நல்லவேளை, அதே பக்கத்துல பள்ளிக்கூடத்த மாத்திப் பார்த்தா உங்களுது நாலும் ஜோரா ஓடுது, அதத்தான் எங்களுதுன்னு அவருக்குக் காட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க தயவுசெஞ்சு எதையும் தொட்டுறாதீங்க."